பலகைக்குள் இருப்பதை எழுதிக் கொடுங்கள்: பிளைவுட் இறக்குமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலிவு விலை பிளைவுட்டை இறக்குமதி செய்வோருக்கும், அதை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்போருக்கும்,

வணக்கம்.

நீங்கள் கொண்டுவரும் ஷீட்டுகளை வெட்டி அலமாரி, மேசை, கட்டில், ஸ்பீக்கர் பெட்டி என்று செய்கிறவர்கள் நாங்கள். எங்களில் சிலருக்கு இது பிழைப்பு, சிலருக்கு ஓய்வு நேர வேலை. மலிவான பலகையே வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. டிராயரின் அடிப்பலகைக்கும், பெயின்ட் அடித்து மூடப்போகும் பெட்டிக்கும், வெட்டவும் துளையிடவும் வழிகாட்டும் பட்டறை ஜிக்குகளுக்கும் பாப்ளர் என்ற மிருதுவான மரத்தை உள்ளடுக்காகக் கொண்ட பலகை தாராளமாகப் போதும். எங்களை வாட்டுவது வேறு. ஒரே கட்டுக்குள் வந்து, ஒரே முத்திரையைத் தாங்கி, ஒரே விலைக்குப் போகும் இரண்டு ஷீட்டுகளில் ஒன்று ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது, இன்னொன்று ரம்பம் பட்டதும் அடுக்கடுக்காகப் பிரிகிறது. எது எப்படிப்பட்டது என்று பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

பலகையை நாங்கள் எப்படிச் சோதிக்கிறோம் என்பதை இங்கே விவரமாகச் சொல்கிறோம். ஒரு ரம்பம், தடிமன் அளக்க ஒரு காலிப்பர், ஒரு சிறு தராசு, ஓர் உளி, கொதிக்கவைக்க ஒரு பாத்திரம், இவை இருந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் கிடங்கிலேயே செய்துவிடலாம். சரக்கை இறக்கும் இடத்தில் நீங்கள் செய்யாமல் விடும் சோதனையை, பணம் கொடுத்து வாங்கிய பிறகு ஒவ்வொரு தச்சரும் தன் வேலையைப் பலிகொடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் தடிமன். 18 மி.மீ. என்று விற்கப்படும் மலிவு ஷீட்டில் காலிப்பரை வைத்தால் 17 காட்டும், சிலவற்றில் 16.5 காட்டும். ஐரோப்பாவின் இஎன் 315 தரம், மணல்தாள் தேய்த்த 18 மி.மீ. பலகைக்குக் கீழ்ப்பக்கமாக 0.94 மி.மீ. வரை விட்டுக்கொடுக்கிறது. ஆகவே 17.1 என்பது குற்றமில்லை, 16.5 என்பது அந்த அளவுக்கு வெளியே. ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கிறீர்கள். பலகையின் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. 18க்குப் பதில் 16.5 இருந்தால் மரத்தில் 8 சதவீதம்தான் குறைகிறது, விறைப்பிலோ 23 சதவீதம் போய்விடுகிறது. புத்தகத் தட்டு நடுவில் தொய்வது இதனால்தான். 18 மி.மீ. ரவுட்டர் பிட்டில் ஓட்டிய பள்ளத்தில் அந்தப் பலகை ஆடும். சாதாரண வெள்ளைப் பசைக்கு அவ்வளவு பெரிய இடைவெளியை நிரப்பிப் பிடிக்கும் வலு கிடையாது. கப்போர்டு கீலுக்கான 35 மி.மீ. குழியை 13 மி.மீ. ஆழம் எடுத்தால் 18இல் ஐந்து மிச்சமிருக்கும், 16.5இல் மூன்றரைதான். அதற்குள்ளேயே உள்ளடுக்கில் ஓர் ஓட்டை இருந்துவிட்டால் பிட்டின் நடுமுனை கதவின் முகப்பில் வந்து நிற்கும்.

அளக்கும்போது ஓர விளிம்பிலேயே காலிப்பரை வைக்கக் கூடாது. மணல்தாள் இயந்திரம் விளிம்பைக் கூடுதலாகத் தேய்த்திருக்கலாம், அடிபட்டு நசுங்கியும் இருக்கலாம். 20 முதல் 25 மி.மீ. உள்ளே தள்ளி, நான்கு மூலைகளிலும் நான்கு பக்கங்களின் நடுவிலுமாக எட்டு இடங்களில் அளக்க வேண்டும். எட்டும் 17.0, 17.1 என்று வந்தால் பள்ளத்தை அதற்கேற்பக் குறுக்கிக்கொண்டு வேலையை ஓட்டிவிடுவோம். ஒரு மூலையில் 17.4, எதிர்மூலையில் 16.6 என்று வந்தால் எந்தப் பிட்டாலும் சமாளிக்க முடியாது. எங்களுக்கு ஷீட் மெலிந்திருப்பதைவிட ஏறி இறங்கி இருப்பதுதான் பெரிய தொல்லை. மூலைமட்டத்துக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 2440-க்கு 1220 ஷீட்டின் மூலைவிட்டம் 2728 மி.மீ. இரண்டு மூலைவிட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினால், தொழிற்சாலை விளிம்பை நம்பி வெட்டக் கூடாது.

எடையும் பேசும். அந்த அளவு 18 மி.மீ. ஷீட்டின் கன அளவு 0.0536 கன மீட்டர். உள்ளும் புறமும் பிர்ச் மரமே உள்ள பலகையின் அடர்த்தி கன மீட்டருக்கு 680 கிலோ அளவில் இருக்கும், ஆக ஷீட் 36 கிலோ வரும். பாப்ளர் உள்ளடுக்கு என்றால் 27 முதல் 30 கிலோ. பிர்ச் என்று பில் போட்ட ஷீட் 29 கிலோ நின்றால் பிர்ச் மேலே ஒட்டிய மெல்லிய தோல் மட்டும்தான். ஆனால் எடை கூடினாலே தரம் என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஈரம் குடித்த பலகையும் கனக்கும். யூகலிப்டஸ் உள்ளடுக்கும் கனமானதே, அதற்குரிய இறுக்கமும் முறுக்கும் அதோடு சேர்ந்தே வரும்.

அந்தத் தோலைப் பற்றி. பால்டிக் பிர்ச் என்று பேர் பெற்ற பலகையில் ஒவ்வொரு வெனீரும், அதாவது மரத்தை உரித்தெடுத்த மெல்லிய தாளும், ஏறக்குறைய 1.4 மி.மீ., 18 மி.மீ.க்கு 13 அடுக்குகள். மலிவுப் பலகையில் முகவெனீர் 0.2 அல்லது 0.3 மி.மீ.தான் இருக்கும். நல்ல மரத்தை எவ்வளவு மெல்லியதாக உரிக்கிறார்களோ அவ்வளவு செலவு மிச்சம் என்பதால் இப்படி. 0.3 மி.மீ. மேல் 80 நம்பர் தாளோடு ஆர்பிட்டல் சாண்டரை வைத்தால் சில நொடிகளில் அடியிலிருக்கும் பாப்ளர் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். அதன் பிறகு எந்த வார்னிஷும் அந்தத் திட்டை மறைக்காது. இத்தகைய பலகையை 180 நம்பர் தாளால், கையால், நாரின் போக்கிலேயே லேசாகத் தேய்க்க வேண்டும். இதை வாங்குகிறவரிடம் சொல்வதற்கே முகவெனீரின் தடிமன் தெரிந்திருக்க வேண்டுமே!

அதை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு துண்டின் ஓரத்தைக் கூரான இழைப்புளியால் முகப்பரப்புக்கு 15 பாகைச் சாய்வில் சீவுங்கள். சாய்வான வெட்டில் ஒவ்வொரு அடுக்கும் தன் தடிமனைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு அகலமாகத் தெரியும். 0.3 மி.மீ. வெனீர் 1.2 மி.மீ. பட்டையாக விரியும், அடிக்கோலிலேயே படித்துவிடலாம். முகவெனீருக்குக் கீழே பசைக்கோடு, அதற்குக் கீழே முதல் உள்ளடுக்கு, அதில் நிரப்பிய புட்டி, எல்லாம் அந்தச் சாய்வில் படம்போல விரிந்து கிடக்கும். பிறகு ஈரத்துணியால் முகத்தை ஒருமுறை துடையுங்கள். புட்டி வைத்த இடமும் ஒட்டுப் போட்ட இடமும் நிறம் மாறித் தெரியும். சாயம் பூசிய முகமாக இருந்தால் துணியில் சிவப்பு ஏறும்.

இனி உள்ளடுக்கு. மலிவுப் பலகையில் எல்லாத் தகராறும் இங்கேதான் குடியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறோம்.

பருமன் குறைந்த மரங்களை உரித்துக் கிடைக்கும் உள்ளடுக்கு வெனீர் முழு ஷீட் அகலத்துக்கு வராது, துண்டுகளாகத்தான் வரும். அந்தத் துண்டுகளை நூலாலோ பசையாலோ பக்கவாட்டில் இணைத்து முழுத்தாளாக ஆக்கி அடுக்கும் ஆலைகள் உண்டு. பசை தடவிய துண்டுகளைக் கையால் பரப்பிவிட்டு அடுத்த தாளை மேலே போடும் ஆலைகளும் உண்டு. கையால் பரப்பும்போது இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றால் நடுவில் ஒரு சுரங்கம் விழுகிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் அந்த இடம் இரட்டைத் தடிமனாகிறது. சுரங்கத்தால் வரும் கேடு எல்லோருக்கும் தெரியும். திருகு பிடிக்காது, விளிம்புப்பட்டை உள்வாங்கும், மைக்கா ஒட்டினால் சில மாதத்தில் மேலே குழி தெரியும், ரவுட்டர் பிட் அங்கே வந்ததும் திடீரென்று துள்ளும். ஏறிக்கிடப்பதால் வரும் கேடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சூட்டழுத்த இயந்திரத்தின் பலம் முழுவதும் அந்த மேட்டின் மேல் இறங்குவதால், மேட்டின் இருபுறமும் உள்ள பகுதிக்குப் போதிய அழுத்தம் கிடைப்பதில்லை. பசை அங்கே அரைகுறையாகத்தான் பிடிக்கும். பலகை மேட்டில் பிரிவதில்லை, மேட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் பிரிகிறது. தொழிற்சாலையில் மணல்தாள் ஓடும்போது மேட்டின் மேலிருக்கும் முகவெனீர்தான் அதிகம் தேயும். 0.3 மி.மீ. தோல் அந்த இடத்தில் 0.1 ஆகி, நாம் தாள் போடும்போது முதலில் கிழிவதும் அதுவே.

இதைத் தடுக்க ஆலைகளுக்கு நன்றாகத் தெரிந்த வழி இருக்கிறது. உள்ளடுக்குகளை முதலில் தனியாக அழுத்தி, ஓட்டைகளை நிரப்பி, இயந்திரத்தில் தேய்த்துச் சமப்படுத்தி, அதன் பிறகு முகவெனீரை ஒட்டி இரண்டாவது முறை அழுத்துவது. செலவு கூடும், ஆனால் தடிமனும் சீராகும், மேடும் மறையும். நீங்கள் ஆர்டர் போடும்போது இதை எழுத்தில் கேட்டால் செய்து தருவார்கள். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

மேடு பள்ளத்தை வெட்டாமலே பார்க்க, கிடங்கின் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சை ஷீட்டின் பரப்போடு படுக்கவைத்து அடியுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடிபோலத் தெரிந்த முகத்தில், நாரின் போக்குக்குக் குறுக்காக நீண்ட நிழல்கோடுகள் விழும். மெல்லிய வரம்பு தெரிந்தால் கீழே வெனீர் ஏறிக்கிடக்கிறது, மெல்லிய வாய்க்கால் தெரிந்தால் கீழே சுரங்கம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சாண் இடைவெளி விட்டு ஷீட் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டாத இடம் பொத்தென்று மங்கலாக ஒலிக்கும். ஈரம் மிகுந்த வெனீரைச் சூட்டில் அழுத்திவிட்டு அவசரமாகத் திறந்தால் உள்ளே அடைபட்ட நீராவி அடுக்குகளைப் பிளந்துகொண்டு வெளியேறும். அப்படி உண்டான குமிழ்கள் ஷீட்டின் நடுப்பகுதியில்தான் அதிகம் இருக்கும், ஓரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஓரத்தைப் பார்த்து எதையுமே முடிவு செய்யக் கூடாது. ஓரத்து ஓட்டைகளில் புட்டி அடைத்து, மேலே நிறம் அடித்துவிட்டால் முழுப் பலகைபோல நிற்கும். கட்டின் மேல் ஷீட்டையும் நம்பக் கூடாது, அது பார்வைக்கு வைத்தது. நடுவிலிருந்து ஒன்றை உருவி, முதலில் 20 மி.மீ. ஓரத்தை வெட்டித் தள்ளுங்கள். பிறகு ஷீட்டின் நடுவில் 300 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை எடுத்து, அதை 50 மி.மீ. பட்டைகளாக அறுங்கள். ஒவ்வொரு வெட்டும் இரண்டு புது முகங்களைக் காட்டும். அரை மி.மீ. ஃபீலர் தகடு நுழையும் இடங்களை எல்லாம் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு மீட்டர் நீள வெட்டில் 3 மி.மீ.க்கு மேல் அகலமான சுரங்கம் இரண்டைத் தாண்டினால், அந்தச் சரக்கை நாங்கள் கதவுக்கும் தட்டுக்கும் எடுப்பதில்லை. முகவெனீருக்கு நேர் அடியில் இருக்கும் அடுக்கில் ஒன்று இருந்தாலும் எடுப்பதில்லை, ஏனென்றால் 0.3 மி.மீ. தோலுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் ஒரு விரல் நகமே அதை உடைத்துவிடும். வெட்டிய முகத்தில் கறுத்துப்போன அடுக்கு இருக்கிறதா, நகத்தால் அழுத்தினால் பஞ்சாக உள்வாங்குகிறதா, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தது உதிர்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அடுக்குகளை எண்ணுவதும் அந்த நேரத்தில்தான். நடு அடுக்கை மையமாக வைத்து இரு புறமும் ஒரே மரம், ஒரே தடிமன், ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒரு முகம் 0.5, மறுமுகம் 0.2 என்றோ, ஒரு புறத்தில் பாப்ளர், மறுபுறத்தில் யூகலிப்டஸ் என்றோ இருந்தால், காற்றின் ஈரம் மாறும்போது இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். கடையில் நேராக நின்ற பலகை, கதவாகித் தொங்கிய முதல் மழைக்காலத்தில் வளைவது இந்தச் சமநிலைக் குறைவால்தான். அறுத்த பட்டைகளில் ஒன்றை நேரான அலுமினியச் சட்டத்தோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். அறுக்கும்போதே ரம்பத்தை நெருக்கியிருந்தாலோ, 2.4 மீட்டர் பட்டை மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வில்லாக நின்றாலோ, உள்ளே இறுக்கம் இருக்கிறது, அந்த ஷீட்டைக் கதவுக்கு எடுக்கக் கூடாது.

முகத்தின் தரத்தைக் குறிக்கும் பிபி, சிபி, சிசி போன்ற எழுத்துகள் இவற்றில் எதையுமே சொல்வதில்லை. அவை முகத்தில் எத்தனை முடிச்சு, எத்தனை ஒட்டு என்பதை மட்டும் சொல்கின்றன. அதுகூட ஆலைக்கு ஆலை மாறுகிறது. முகத்தின் எழுத்தைக் காட்டி முழுப் பலகையின் தரம்போல விற்பது நியாயமில்லை.

அடுத்தது பசை. "டபிள்யூபிபி" என்று முத்திரை குத்திய ஷீட்டுகள் சந்தையில் கொட்டிக்கிடக்கின்றன. வெயில் மழையையும் கொதிநீரையும் தாங்கும் என்று பொருள்படும் பழைய பிரிட்டிஷ் வழக்கு அது. இப்போதைய ஐரோப்பிய இஎன் 314 தரத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை, மூன்று வகுப்புகள்தான் உண்டு. முதல் வகுப்புக்கு 24 மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சோதிப்பார்கள். இரண்டாம் வகுப்புக்கு 6 மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு 4 மணி நேரம் கொதிக்கவைத்து, 16 முதல் 20 மணி நேரம் 60 டிகிரியில் உலர்த்தி, மறுபடி 4 மணி நேரம் கொதிக்கவைப்பார்கள், இல்லையென்றால் 72 மணி நேரம் தொடர்ந்து கொதிக்கவைப்பார்கள். இந்தியாவின் ஐஎஸ் 710 மரைன் பலகைக்கும் 72 மணி நேரக் கொதிப்புதான் அளவுகோல். ஆக, எத்தனை மணி நேரம் கொதித்தது என்று சொல்லாத "டபிள்யூபிபி" முத்திரையால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

நாங்கள் செய்யும் சோதனை இது. ஷீட்டின் வேறு வேறு இடங்களிலிருந்து 75 மி.மீ. சதுரத் துண்டுகள் ஐந்து. ஒன்று நடுவிலிருந்து, மற்றவை நான்கு பக்கங்களிலிருந்து. வீட்டு அறைக்குள் வைக்கும் சாமானுக்கு 24 மணி நேர ஊறல் போதும். சமையலறைக்கும் குளியலறைக்கும் என்றால் 6 மணி நேரக் கொதிப்பு, துண்டுகள் முழுக்க மூழ்கியபடி, ஒன்றோடொன்று ஒட்டாமல். பிறகு ஒரு மணி நேரம் குளிர்ந்த நீர். துண்டு ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பசைக்கோட்டிலும் உளியை வைத்து நெம்புங்கள். பலரும் மேல் கோட்டை மட்டும் நெம்பிப் பார்த்துவிட்டு விடுகிறார்கள். எல்லாக் கோடுகளையும் திறக்க வேண்டும்.

திறந்த பரப்பை உற்றுப் பாருங்கள். மரநார் பிய்ந்து, இரு பக்கமும் சிலும்பிக்கொண்டு நின்றால் பசை மரத்தைவிட வலுவாகப் பிடித்திருக்கிறது. பளபளவென்று, பசையின் மேல் வெனீரின் அச்சு மட்டும் பதிந்து, வழுவழுப்பாகக் கழன்று வந்தால் அந்த இடத்தில் ஒட்டே இல்லை, அழுத்தம் மட்டும் பிடித்துவைத்திருந்தது. இஎன் 314 இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. வெட்டுவலிமை, அதாவது அடுக்குகளைப் பக்கவாட்டில் இழுத்துப் பிரிக்கத் தேவையான விசை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டனோ அதற்கு மேலோ வந்தால் நார் பிய்ந்த அளவைப் பார்ப்பதில்லை. 0.6 முதல் 1 வரை என்றால் பரப்பில் குறைந்தது 40 சதவீதம் நார் பிய்ந்திருக்க வேண்டும், 0.4 முதல் 0.6 வரை 60 சதவீதம், 0.2 முதல் 0.4 வரை 80 சதவீதம். பாப்ளர் போன்ற மிருதுவான மரத்துக்கு வலிமை எண் குறைவாக வருவது இயல்பு. அதனால்தான் பிய்ந்த நாரைப் பார்க்கிறோம். வலிமை இழுக்கும் இயந்திரம் நம்மிடம் இல்லாவிட்டாலும் நாரைப் பார்க்கக் கண் போதும்.

இதில் மூன்று ஏமாற்றங்களை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பசைக்கோடு கறுத்துச் சிவந்திருந்தால் கொதிநீர் தாங்கும் பீனாலிக் பசை என்று வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள். பீனாலிக் பசை அந்த நிறம்தான், ஆனால் கொதிநீர் தாங்காத மலிவான யூரியா பசையில் சாயம் கலந்தாலும் அதே நிறம் வரும். கொதிக்கவைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்ப முடியாது. இரண்டாவது, உள்ளடுக்குக்கு மெலமைன் கலந்த பசையும், இரண்டாம் அழுத்தத்தில் முகவெனீருக்குச் சாதாரண யூரியா பசையும் போடுவது. உள்ளே கொதிப்பைத் தாங்கும், மேல்தோல் சிங்க் ஓரத்தில் உரியும். சோதனைச் சான்றில் உள்ளடுக்குப் பசை மட்டுமே இருக்கும். மூன்றாவது, விலையைக் குறைக்க யூரியா பசையில் கோதுமை மாவைக் கணக்கில்லாமல் கூட்டுவது. அளவோடு சேர்க்கும் மாவு பசைக்கு நல்லதே செய்யும், பசை மரத்துக்குள் அதிகமாக ஊறிப் போகாமல் நிறுத்தும். அளவு மீறினால் ஒட்டும் குறையும், ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மரம் அழுகினால் பலகை அழுகும். பாப்ளரும் பிர்ச்சும் வெளிப்புறத்தில் தாக்குப்பிடிக்காத மரங்கள், ஐரோப்பிய வகைப்பாட்டில் இரண்டும் கடைசி வகுப்பில் இருக்கின்றன. கொதிநீர் தாங்கும் பசையால் ஒட்டிய பாப்ளர் பலகையைத் தோட்டத்து மேசைக்கு என்று சொல்லி விற்காதீர்கள். அடுக்குகள் பிரியாமலே மக்கிப்போகும்.

ஈரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஊசி வைத்த ஈரமானி முழு மரத்துக்கென்று அளவிட்டது, பசைக்கோட்டில் பட்டால் தப்பாகக் காட்டலாம். துல்லியம் வேண்டுமென்றால் 50 மி.மீ. துண்டை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, 103 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து, மறுபடி நிறுங்கள். 26.4 கிராம் துண்டு 24.0 ஆனால் ஈரம் 10 சதவீதம். அறைக்குள் வைக்கும் சாமானுக்கு 8 முதல் 12 நல்லது. கன்டெய்னருக்குள் இரவு பகல் வெப்ப மாற்றத்தில் நீர்த்துளி படிந்து சொட்டுவதால், கட்டின் மேல் ஷீட்டும் பக்கவாட்டு ஓரங்களும் நடுவைவிட ஈரமாக இருக்கும். வந்து இறங்கியதுமே பிரித்து விற்காமல், தரையிலிருந்து உயர்த்தி, சட்டங்கள் சமமாகத் தாங்க, படுக்கைவாட்டில் சில நாள் ஆறவிடுங்கள். சுவரில் சாய்த்துவைக்கும் பழக்கம் நல்ல ஷீட்டையும் வளைத்துவிடும்.

பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது, பலகையை அறுத்து அந்தத் தூளுக்குள் நாள் முழுக்க நிற்கிறவர்கள் நாங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. இ1 என்ற ஐரோப்பிய வகுப்பின் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராம். 2026 ஆகஸ்ட் 6 முதல் மரச்சாமான்களுக்கு 0.062 என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்திருக்கிறது. அமெரிக்க விதியில் கடினமர பிளைவுட்டுக்குப் பத்து லட்சத்தில் 0.05 பங்கு. அங்கே முத்திரை என்றால் தயாரித்தவரின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், சான்றளித்த மூன்றாம் தரப்பின் எண் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். வெறும் "இ1" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ஷீட்டில் யாரைப் போய்க் கேட்பது? சிறு துண்டுகளைக் கண்ணாடிச் சாடியில் அடைத்து ஒரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துத் திறந்து, கண் எரிகிறதா என்று பார்ப்பதுண்டு. அது அளவீடு ஆகாது, எரிந்தால் அந்தப் பலகையைப் படுக்கையறைக்கு எடுக்கக் கூடாது என்பதற்கு மட்டும் போதும்.

இனி நாங்கள் கேட்பது.

ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும், இடமில்லாவிட்டால் ஒவ்வொரு கட்டின் சீட்டிலும், இவற்றை எழுதுங்கள்: அளந்த தடிமன், குறைந்தபட்சமும் அதிகபட்சமும்; அடுக்குகளின் எண்ணிக்கை; முகவெனீரின் மரமும் தடிமனும், இரண்டு பக்கத்துக்கும்; உள்ளடுக்கின் மரம், துண்டுகள் இணைத்தவையா கையால் பரப்பியவையா என்பது; ஒருமுறை அழுத்தியதா, சமப்படுத்தி இரண்டாம் முறை அழுத்தியதா என்பது; உள்ளடுக்குப் பசையும் முகப்பசையும் தனித்தனியாக, எந்தச் சோதனையில் தேறியவை என்பதோடு; ஆலையின் பெயரும் தொகுதி எண்ணும். இதில் எதுவும் வியாபார ரகசியம் இல்லை. ரம்பம் வைத்திருக்கும் எவரும் பத்து நிமிடத்தில் பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்.

சான்றிதழைக் காட்டும்போது அந்தத் தொகுதி எண்ணுக்குரிய சான்றையே காட்டுங்கள். எப்போதோ, எந்த ஆலையோ, எந்த மாதிரியையோ அனுப்பி வாங்கிய தாளின் நகல் வேண்டாம்.

ஆலைக்கு ஆர்டர் எழுதும்போது முகவெனீர் குறைந்தது இவ்வளவு, சுரங்கம் அதிகபட்சம் இவ்வளவு, தடிமன் வேறுபாடு இவ்வளவு என்று எண்களைப் போடுங்கள். ஏற்றுமதிக்கு முன் கட்டுக்கு ஒரு ஷீட்டை, நீங்கள் தேர்ந்தெடுத்ததை, உங்கள் கண்முன்னே நடுவில் அறுக்கச் சொல்லுங்கள். அறுத்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்த ஆலை அடுக்கும்போதே கவனமாக அடுக்கும்.

விற்பனை இடத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வெட்டுத் துண்டை வையுங்கள், ஓரத்திலிருந்து எடுத்ததை அல்ல, நடுவிலிருந்து எடுத்ததை. வாடிக்கையாளர் அதைத் தொட்டுப் பார்க்கட்டும், உளி வைத்துப் பார்க்கட்டும்.

எங்களுக்கு நெஞ்சு கொதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. "வெட்டிய பலகையைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்ற உங்கள் விதி. சுரங்கமும், ஒட்டாத பசையும், அழுகிய உள்ளடுக்கும் வெட்டினால்தான் தெரியும். வெட்டாமல் குறையைக் காட்ட முடியாது, வெட்டினால் குறையைக் கேட்க முடியாது என்றால், ஆலை செய்த பிழைக்கான முழுச் செலவையும் கூலிக்கு வேலை செய்கிறவர் தலையில் கட்டுகிறீர்கள். தவறான அளவில் வெட்டிவிட்டு வருகிறவரிடம் திரும்ப வாங்க வேண்டாம், அது அவர் பொறுப்பு. அடுக்கு பிரிந்திருந்தால், 3 மி.மீ.க்கு மேல் சுரங்கங்கள் இருந்தால், தடிமன் எழுதியதற்குக் கீழே இருந்தால், துண்டுகளோடு வந்தாலும் மாற்றிக் கொடுங்கள். அந்தத் துண்டுகளை அப்படியே ஆலைக்கு எதிரான சாட்சியாக வைத்து உங்கள் பணத்தையும் மீட்கலாம்.

இவ்வளவும் செய்தால் விலை கொஞ்சம் ஏறும் என்பதை அறிவோம். ஏறட்டும். எழுதிக் கொடுத்த 17 மி.மீ. பலகைக்கு அதற்குரிய விலையைத் தர நாங்கள் தயார். முகவெனீர் 0.3 என்று எழுதியிருந்தால் அதற்குப் பொருத்தமான வேலைக்கு அதையே கேட்டு வாங்குவோம். உங்கள் கிடங்கில் ஒரு ஷீட்டைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன முறையில் அறுத்து, கொதிக்கவைத்து, திறந்து காட்ட எங்களில் யாரேனும் வரத் தயாராக இருக்கிறோம். ஒரு முழு வேலை நாளை ஒதுக்கித் தாருங்கள், அறுக்கும் ஷீட்டின் விலையை நாங்களே கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பிளைவுட்டில் வேலை செய்யும் தச்சர்களும் மரவேலை ஆர்வலர்களும்